அரை மில்லிமீட்டருக்கு என்ன விலை?

2023 நவம்பரில் நியூயார்க்கின் சீகல் ஏலத்தில் ஒரு இன்வர்ட்டட் ஜென்னி சுமார் 20 லட்சம் டாலருக்குப் போனது. விமானம் தலைகீழாக அச்சாகிவிட்ட அந்த 1918ஆம் வருடத்து 24 சென்ட் ஸ்டாம்பின் கதை சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். விற்றது, நூறு ஸ்டாம்ப் கொண்ட அந்த ஒற்றைத் தாளில் 49ஆவது இடத்தில் இருந்தது. பட்டியலில் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஓர் எண் வந்தது: 95. பி.எஸ்.இ. என்று சுருக்கிச் சொல்லும் புரொஃபஷனல் ஸ்டாம்ப் எக்ஸ்பர்ட்ஸ் நிறுவனம் நூற்றுக்குக் கொடுத்த மதிப்பெண் அது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021இல், பிரிட்டிஷ் கயானாவின் 1856ஆம் வருடத்து 1 சென்ட் மெஜந்தா சுமார் 83 லட்சம் டாலருக்கு விற்றது. நான்கு மூலையையும் யாரோ கத்தரித்து எட்டுமூலையாக்கிய ஸ்டாம்ப். முகம் முழுக்க முத்திரை மையும் தபால் எழுத்தரின் கையெழுத்தும். பின்பக்கம் கைமாறிய ஒவ்வொரு சொந்தக்காரரும் வைத்துவிட்டுப் போன குறிகள். நூற்றுக்கு இத்தனை என்று அதே அளவுகோலைப் பிடித்தால் அது எந்த வகுப்பிலும் தேறாது. தேறாத ஸ்டாம்புக்கு, 95 வாங்கிய ஸ்டாம்பைப் போல நான்கு மடங்கு விலை.

உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதனால் விலை என்று சொல்லி இதைக் கடந்துபோகலாம். எனக்கு அது போதவில்லை. அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது, அதற்கு யார் எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கிறது. நம் ஊரிலும் இப்போது இது வெறும் அமெரிக்க விவகாரமாக இல்லை. பழைய ரூபாய் நோட்டு சேகரிப்பவர்கள், நோட்டுக்கு மதிப்பெண் போடும் பி.எம்.ஜி. நிறுவனத்தின் உறையில் அடைத்த நோட்டுக்குப் பழகிவிட்டார்கள். 65, 66 என்ற எண் இல்லாத நல்ல நோட்டை ஏலத்தில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நாணயத்தில் பி.சி.ஜி.எஸ். நிறுவனம் 1986இலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. நோட்டு வாங்கும் அதே கைகள் ஸ்டாம்புக்கும் வரும்போது, "இதையும் கிரேடிங்குக்கு அனுப்பினால் என்ன?" என்ற கேள்வி தானாக வருகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சான்றிதழுக்குச் செலவு செய்யுங்கள். எண்ணுக்குச் செலவு செய்ய வேண்டிய ஸ்டாம்ப் நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை.

ஒரே உறையில் வரும் இரண்டு வேலைகள்

குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. ஸ்டாம்பை அனுப்பினால் அங்கே இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, இது என்ன ஸ்டாம்ப், அசலா போலியா, யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. இது மிகப் பழைய வேலை. லண்டன் ராயல் ஃபிலாட்டெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894இலிருந்து செய்துவருகிறது. நியூயார்க்கின் ஃபிலாட்டெலிக் ஃபவுண்டேஷன் 1945இலிருந்து. இரண்டாவது வேலை மதிப்பெண் போடுவது. 70 என்றால் ஃபைன், 80 வெரி ஃபைன், 90 எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், 98 சூப்பர்ப், 100 ஜெம். ஓரங்கள் வழக்கத்தைவிட அகலமாக இருந்தால் எண்ணுக்குப் பின்னால் ஜம்போ என்பதற்கு ஒரு ஜே எழுத்து. பசையின் நிலை இந்த எண்ணில் சேராது. அதைத் தனியாகக் குறிப்பார்கள்: அசல் பசை, ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்டும் சின்னக் காகிதத் துண்டு) படாதது, ஹிஞ்ச் பட்டது, மறுபசை, பசை இல்லை என்று.

முதல் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 1920களின் அமெரிக்க 1 சென்ட் பச்சை பிராங்க்ளின். தட்டையான தகட்டில் ஓட்டும் சாதாரண ஃபிளாட் பிளேட் அச்சில் படத்தின் அளவு 18½ முதல் 19 மி.மீ. அகலம், 22 மி.மீ. உயரம், கைநிறைய அள்ளலாம். அதே படம் உருளைத் தகட்டில் ஓடும் ரோட்டரி அச்சில் வந்து, மீந்துபோன தாளை வீணாக்காமல் 11 அளவில் (2 சென்டிமீட்டருக்கு 11 துளை) துளையிட்டபோது இரண்டு அபூர்வ வகைகள் உண்டாயின. அமெரிக்க ஸ்டாம்புகளுக்கு எண் கொடுக்கும் ஸ்காட் கேட்டலாக்கில் 594 என்பது 19¾க்கு 22¼. 596 என்பது 19¼க்கு 22¾. சாதாரண ஸ்டாம்புக்கும் 596க்கும் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கிடையாது. ஒன்றின் விலை சில்லறை, மற்றது அமெரிக்க ஸ்டாம்புகளிலேயே அபூர்வமானவற்றின் வரிசையில் வருகிறது. தன் ஆல்பத்தில் இருப்பது 596 என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆட்களுக்குக் குறைவே இல்லை. நிறமும் படமும் ஒன்றேயான இந்த இடத்தில், ஒப்பிட்டுப் பார்க்க அசல் மாதிரி கையில் வைத்திருக்கும் குழுவின் சொல்லுக்குத்தான் மதிப்பு. சுருளாக விற்ற, இரண்டு பக்கம் மட்டும் துளையிட்ட காயில் ஸ்டாம்புகளும் இப்படித்தான். ஓரம் அகலமான சாதாரணத் தாள் ஸ்டாம்பின் இரண்டு பக்கப் பற்களைச் சீவிவிட்டால் காயில் ஆகிவிடுகிறது. 1911ஆம் வருடத்து 3 சென்ட் ஆரஞ்ச்பர்க் காயில் போன்ற உயர்ந்த சரக்குக்குச் சான்றிதழ் இல்லாமல் யாரும் காசு எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது.

கைவைத்த ஸ்டாம்பைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம். மறுபசையை எடுத்துக்கொள்ளுங்கள். பசை தடவிய தாளில் துளையிட்டுக் கிழிக்கும்போது பற்களின் நுனியில் காகித நார்கள் பிசிறு பிசிறாக, மிருதுவாக நிற்கும். ஏற்கனவே கிழித்த ஸ்டாம்பின் பின்புறம் புதிதாகப் பசை தடவினால் அது நார்களுக்குள் ஓடி, நுனி இறுகிப்போகும். 10 மடங்கு லென்ஸில் அந்தப் பிசிறு பளபளப்பாக, ஒட்டிக்கிடப்பதாகத் தெரியும். பற்களை உதட்டின் மேல் லேசாக இழுத்தால் குத்தும். மறுதுளைக்கு வேறு சோதனை. இயல்பான பல் கிழிந்து பிரிந்தது, அதனால் நுனி சீராக இருக்காது. பின்னால் துளைபோட்ட பக்கம் அச்சில் வார்த்ததுபோல் ஒழுங்காக இருக்கும், துளையின் விட்டமும் எதிர்ப்பக்கத்தோடு ஒத்துப்போகாது, ஸ்டாம்பின் மொத்த அகலமும் குறைந்திருக்கும். எதிரெதிர்ப் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து அமெரிக்கத் தாள் 400 ஸ்டாம்பாக அச்சாகி, நூறு நூறாக வெட்டப்பட்டது. வெட்டிய இரண்டு பக்கங்களில் துளை கிடையாது. அதனால் பத்துக்குப் பத்து தாளில் 19 ஸ்டாம்பு ஒரு பக்கமாவது மொட்டையாக வரும். மொட்டை ஓரத்தைச் சேகரிப்பவர்கள் மட்டமாகப் பார்த்தார்கள். பல் வைக்கும் தொழில் அங்கே பிறந்தது.

காகிதம் மெலிந்த இடம், ஒட்டுப்போட்ட கிழிசல் இரண்டும் வாட்டர்மார்க் திரவத்தில் முங்கவைத்தால் கருப்பாகத் தெரியும். பேனாவால் போட்ட முத்திரையை அழித்திருந்தால் புறஊதா விளக்கின் கீழ் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: போட்டோகிராவியர் அச்சு மைகளில் சில, வாட்டர்மார்க் திரவமாகப் பயன்படும் பென்சினில் கரையும். தெரியாத ஸ்டாம்பைத் திரவத்தில் போடும் முன் அதே வரிசையின் விலை குறைந்த ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எண் எதை அளக்கிறது?

நாணயத்தில் மதிப்பெண் என்றால் முக்கியமாகத் தேய்மானம். அக்கசாலையை விட்டு வெளியே வந்தபின் அந்தக் காசு எவ்வளவு கைபட்டது, எவ்வளவு உரசியது என்ற சரித்திரம். நோட்டிலும் மடிப்பு, அழுக்கு, பின் குத்திய துளை என்று பெரும்பகுதி அதே கணக்குதான். ஸ்டாம்பில் பழுது இருந்தால் எண் இறங்கும், உண்மைதான். ஆனால் பழுதில்லாத இரண்டு ஸ்டாம்புகளில் ஒன்று 80, மற்றது 98 என்றால், அந்தப் பதினெட்டு மதிப்பெண் ஏறக்குறைய முழுவதும் சென்டரிங். அதாவது படம் நாலு பக்க ஓரங்களுக்கும் நடுவில் நிற்கிறதா என்பது. ஸ்டாம்ப் தபால் அலுவலகத்துக்கு வருமுன், துளைபோடும் இயந்திரத்தின் கீழேயே முடிந்துபோன விஷயம். நூறு வருடம் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியவருக்கு இதில் ஒரு மதிப்பெண்ணும் கூடுதலாக வராது. இதைப் புரிந்துகொண்டபின் கிரேடிங்கைப் பற்றிய என் அபிப்பிராயம் பழையபடி இருக்கவில்லை.

1908இல் தொடங்கும் அமெரிக்க வாஷிங்டன்-பிராங்க்ளின் ஸ்டாம்ப் வரிசையைக் கையில் எடுத்தால் இது நன்றாக விளங்கும். செதுக்கு அச்சுக்குத் தாளை முதலில் ஈரமாக்க வேண்டும். அச்சானபின் காயும்போது தாள் சுருங்கும், அதுவும் ஒரே சீராகச் சுருங்காது. சுருங்கிய தாளில், நிலையான இடைவெளியில் பொருத்திய துளைச்சக்கரங்களை ஓடவிட்டால் சில வரிசைகளில் துளை படத்தைத் தொட்டுவிடும். வாஷிங்டனில் இருந்த அரசு அச்சகம் இதோடு மல்லுக்கட்டியது. சுருக்கத்தைக் குறைக்க 1909இல் 35 விழுக்காடு கந்தல் கூழ் கலந்த காகிதத்தை முயன்றார்கள். நீலச்சாயல் காகிதம் என்று இன்று அபூர்வமாகிவிட்டது அதுதான். தகட்டில் ஸ்டாம்புகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டதை, ஓரத்து வரிசைகளில் மட்டும் 3 மி.மீ. ஆக்கிப் பார்த்தார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவே 2 மி.மீ. இருக்கிறது. துளையின் விட்டம் சுமார் 1 மி.மீ. துளை சரியாக நடுவில் விழுந்தால், படத்தின் கோட்டிலிருந்து துளையின் விளிம்புவரை இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் மிஞ்சும். துளை அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் படத்தை வெட்டிவிடும். ஜெம் என்று கொண்டாடப்படுவதிலிருந்து ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போவதுவரை மொத்த ஏணியும் அந்த அரை மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. 95க்கும் 98க்கும் நடுவிலிருப்பது அதில் ஒரு துணுக்கு. 1200 டி.பி.ஐ. ஸ்கேனில் ஒரு மில்லிமீட்டர் என்பது 47 புள்ளி. நாலு ஓரத்தையும் புள்ளி எண்ணி, இடம் வலம், மேல் கீழ் விகிதம் எடுத்தால் உங்கள் ஸ்டாம்ப் எந்தப் படியில் நிற்கும் என்று காசு செலவில்லாமல் ஓரளவு தெரிந்துவிடும். இடப்பக்கம் 24, வலப்பக்கம் 23 என்றால் மேலே படியுங்கள்; 30க்கு 17 என்றால் அனுப்புவதை மறந்துவிடலாம். 3 மி.மீ. இடைவெளியில் பிறந்த ஸ்டாம்புக்கு ஓரம் தானாகவே இருமடங்கு. ஜம்போ பட்டத்தில் ஒரு பகுதி அந்த அச்சகத்தின் தகட்டுப் பரிசோதனை போட்ட பிச்சை.

இதற்காக நல்ல சென்டரிங்கை நான் மட்டம் தட்டவில்லை. நடுவில் அழகாக நிற்கும் செதுக்கு அச்சு ஸ்டாம்பைப் பார்ப்பதே ஒரு சுகம், அந்தக் காலத்துத் தாளில் அது உண்மையிலேயே அரிது. கண்ணுக்குத் தெரியும் அழகுக்குக் கூடுதல் காசு கொடுப்பது சேகரிப்பவரின் உரிமை. ஆனால் 80க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியும். 98க்கும் 100க்கும் உள்ளது அளவுகோலுக்குத்தான் தெரியும். விலை ஏறுவதோ தலைகீழாக: கீழ்ப்படிகளில் மெதுவாகவும், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடைசிப் படிகளில் செங்குத்தாகவும்.

எத்தனை பேர் அனுப்பினார்கள்?

அந்தச் செங்குத்தான ஏற்றத்துக்குத் தாங்குகட்டை பாப்புலேஷன் ரிப்போர்ட். எந்த ஸ்டாம்புக்கு எந்த எண் இதுவரை எத்தனை முறை கொடுக்கப்பட்டது என்ற பட்டியல். "100 வாங்கியது மூன்றே மூன்று" என்றால் உலகத்தில் மூன்றுதான் இருக்கிறது என்று மனசு மொழிபெயர்த்துக்கொள்கிறது. அதன் அர்த்தம், கட்டணம் கட்டி அனுப்பப்பட்டவற்றில் மூன்று. இன்வர்ட்டட் ஜென்னியில் இந்த வித்தியாசம் முக்கியமில்லை. நூறும் எங்கே போயின என்ற கணக்கு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இருக்கிறது. 1932இல் வாஷிங்டன் பிறந்த இருநூறாவது வருடத்துக்கு வந்த 2 சென்ட் சிவப்பை எடுங்கள். நானூறு கோடிக்கு மேல் அச்சடித்தார்கள். பிரிக்காத முழுத்தாள்கள் இன்னும் டீலர்களின் அலமாரியில் கிடக்கின்றன. ஸ்காட் கேட்டலாக்கில் அடிமட்ட விலைதான்; அதுவும் டீலர் தேடி எடுத்துக் கொடுக்கும் கூலிக்கு. இப்படிப்பட்ட ஸ்டாம்பை யார் கட்டணம் கட்டி அனுப்புவார்கள்? அதனால் பட்டியலில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். யாரோ ஒருவர் 100 மதிப்பெண் வாங்கி நல்ல விலைக்கு விற்றுவிட்டால், மறுநாள் முழுத்தாள் வைத்திருப்பவர்கள் லென்ஸோடு உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று முப்பதாகும். முதலில் வாங்கியவர் கையில் இருப்பது முதல் விலை.

2000களின் நடுவில் நடந்தது இதுதான். மலிவான இருபதாம் நூற்றாண்டு ஸ்டாம்புகள் 98, 100 என்ற எண்ணோடு வாய்பிளக்கும் விலைக்குப் போயின. தரப்பட்டியல் போட்டிகள் அதற்கு எண்ணெய் ஊற்றின: ஒரு வரிசையின் எல்லா ஸ்டாம்பையும் அதிக எண்ணில் வைத்திருப்பவர் முதலிடம். பிறகு சான்றிதழ்கள் பெருகின, 2008 பொருளாதாரச் சரிவும் வந்தது, பெரும்பாலானவை இறங்கின. இறங்காமல் நின்றவை எவை என்று பார்த்தால், எண் இல்லாவிட்டாலும் அரிதாக இருந்திருக்கக்கூடியவை. 1893 கொலம்பியன் வரிசையின் டாலர் மதிப்புகள், வாஷிங்டன்-பிராங்க்ளினின் உயர் மதிப்புகள் போன்றவை.

எண்ணை முழுக்கத் தள்ளுவதும் நியாயமில்லை. கிரேடிங் வருவதற்கு முன் "வெரி ஃபைன்" என்ற சொல் டீலருக்கு டீலர் நீண்டு சுருங்கியது. விற்கும்போது வெரி ஃபைனாக இருந்தது, திருப்பி வாங்கச் சொன்னால் ஃபைனாகிவிடும். நேரில் பார்க்க வழியில்லாமல், இன்னொரு கண்டத்திலிருந்து படத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பவருக்கு விற்பவரைச் சாராத மூன்றாம் ஆளின் எண் ஒரு பிடிமானம். ஆனால் அந்தப் பிடிமானமும் வழுக்கும். 90 வாங்கிய ஸ்டாம்பை மறுபடி அனுப்பி 95 வாங்கப் பார்ப்பது நாணய உலகிலிருந்து அப்படியே வந்த பழக்கம். பார்ப்பவர் மாறினால் எண் மாறும். ஏறியவை சந்தைக்கு வரும், இறங்கியவை பழைய சான்றிதழோடேயே சுற்றும்.

ஜெர்மானியர்களின் முறை எனக்கு இதைவிடப் பிடிக்கும். பி.பி.பி. என்ற நிபுணர் சங்கத்தில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனக்கென்று ஒரு துறை. அவர் பெயர்முத்திரையை ஸ்டாம்பின் பின்பக்கம் சிறியதாக வைப்பார். பழுதில்லாத ஸ்டாம்பில் முத்திரை அடியோரத்தில் இருக்கும். பழுது கூடக்கூட மேலே ஏறும். எண் கிடையாது, போட்டியும் கிடையாது. பின்பக்கத்தில் மை படுகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உயர்ந்த சரக்குக்கு அவர்களே தனிச் சான்றிதழ் எழுதித் தருகிறார்கள்.

நம் ஆல்பத்துக்கு வந்தால்

எண் முறை அமெரிக்காவின் மின்ட் (பயன்படுத்தாத) ஸ்டாம்புகளுக்கு, அதுவும் துளையிட்ட ஸ்டாம்புகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 1854இன் இந்திய 4 அணாவுக்கு அதைப் போட்டுப் பாருங்கள். கல்கத்தாவில் கல்லச்சில், தலை ஒரு நிறம், சட்டம் ஒரு நிறம் என்று இரண்டு தடவை ஓட்டியது. துளையே கிடையாது, கத்தரிக்கோல்தான். முதல் அச்சில் ஸ்டாம்புகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தது, பிற்கால அச்சில் நெருக்கிவிட்டார்கள். சட்டம் எட்டுமூலை வடிவம் என்பதால் ஜனங்கள் அதன் கோட்டோடேயே கத்தரித்து ஒட்டினார்கள். சதுரமாக, நாலு ஓரமும் தப்பியது வந்தால் விலை எங்கேயோ போகும். தலைகீழ்த் தலை அச்சான பிழை ஸ்டாம்புகளிலும் பெரும்பாலானவை எட்டுமூலையாக வெட்டியவைதான். இதில் பார்க்க வேண்டியது எந்தத் தலை அச்சு, எந்தச் சட்ட அச்சு, எத்தனையாவது ஓட்டம், எந்த ஊர் முத்திரை. இத்தனையையும் சேர்த்து 70 என்றோ 85 என்றோ எழுதினால் யாருக்கு என்ன தெரியும்?

முத்திரை விஷயம் இன்னும் வேடிக்கை. கிரேடிங்கில் பயன்படுத்திய ஸ்டாம்புக்குக் கனமான முத்திரை விழுந்தால் தோற்ற மதிப்பு குறையும். 1867இல் ஸ்டிரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் தனக்கென்று ஸ்டாம்ப் வெளியிடும்வரை சிங்கப்பூரில் ஒட்டியது இந்திய ஸ்டாம்புதான். எட்டுமூலைக் கோடுகளுக்கு நடுவே பி, அதன் கீழே 172 என்று கருகருவென்று நடுவில் விழுந்த முத்திரைதான் அதைச் சிங்கப்பூர் ஸ்டாம்ப் ஆக்குகிறது. 147 என்றால் பினாங்கு. ராணியின் முகத்தை முழுக்க மூடிய அந்த மைக்காகத்தான் வாங்குபவர் காசு கொடுக்கிறார். மெல்லிசாக ஓரத்தில் பட்ட "அழகான" முத்திரையோடு வந்தால் அது சாதாரண அரை அணா, ஒரு அணா.

காந்தி 10 ரூபாய்க்கு வருவோம், ஏனென்றால் கேள்வி கேட்பவர்களில் பாதிப்பேர் கையில் இருப்பது அது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த நான்கு ஸ்டாம்ப் வரிசையின் உச்சம். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் போட்டோகிராவியரில் ஆனது. இதற்குப் போலிகள் ஏராளம். துளை அளவு 11½ வர வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு இத்தனை துளை என்ற கணக்கு. லென்ஸில் பார்த்தால் போட்டோகிராவியரின் மெல்லிய வலைக்கண் தெரிய வேண்டும். பல நிறப் புள்ளிகள் பூப்போலச் சேர்ந்து தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, கீழே வைத்துவிடலாம். சர்வீஸ் என்று மேலச்சிட்ட 10 ரூபாய் கவர்னர் ஜெனரலின் அலுவலகத்துக்காக நூறே நூறுதான் ஆனது. 2017இல் அதன் நான்கு ஸ்டாம்ப் துண்டு ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. சந்தையில் மலிவாக ஒன்று கண்ணில் பட்டால் அசல் 10 ரூபாய் மேல் போலி எழுத்து என்றே முதலில் எண்ண வேண்டும். இந்த ஸ்டாம்புக்கெல்லாம் லண்டன் ராயலின் சான்றிதழ் வாங்குவது கொடுத்த காசுக்கு நிச்சயம் தகும். சென்டரிங் எண் வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இதில் நம் தட்பவெப்பம் வேறு சேர்கிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஐம்பது வருடம் இருந்த மின்ட் ஸ்டாம்பில் பசை தொந்தரவு செய்யாமல் இருந்தால் அதிசயம். ரஸ்ட் என்று நாம் சொல்லும் பழுப்புப் புள்ளிகள், ஆல்பத் தாளில் ஒட்டிப் பிடுங்கிய தடம், பசையில் விரிசல். ஒட்டிக்கொண்டதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் பசை போச்சு. போன பசையை மறுபடி தடவி "மின்ட்" என்று விற்பவர்களும் உண்டு. ஹிஞ்ச் படாதது என்ற சொல்லுக்கு நம் ஊரில் கூடுதல் விலை கேட்டால் மேலே சொன்ன பல்நுனிச் சோதனையைச் செய்யாமல் கொடுக்காதீர்கள். ஸ்லாப் என்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துவிட்டால் ஈரம் அண்டாது என்று நம்பி அலமாரியில் மறந்துவிடவும் கூடாது. ஐம்பது விழுக்காட்டுக்குப் பக்கத்தில் ஈரப்பதம், நிறம் மாறும் சிலிக்கா ஜெல், மாதம் ஒரு தடவை ஆல்பத்தைப் புரட்டிக் காற்றாட விடுவது, இவைதான் வேலைக்கு ஆகும். சிலிக்கா ஜெல்லையும் அள்ளிக் கொட்ட வேண்டாம், ரொம்பக் காய்ந்தால் பசை வெடிக்கும்.

அனுப்புவதாக முடிவு செய்தால்

குறைந்தபட்சக் கட்டணமே சில பத்து டாலர் ஆகும். விலை உயர்ந்த ஸ்டாம்புக்குக் கட்டணமும் உயரும். இரண்டு வழித் தபால் செலவும் காப்பீடும் சேர்த்தால், ஸ்டாம்பின் உண்மையான சந்தை விலை, கேட்டலாக் விலை அல்ல, மொத்தச் செலவைப் போல ஐந்தாறு மடங்காவது இல்லையென்றால் நான் அனுப்ப மாட்டேன். ஏல நிறுவனங்கள் பல பழைய சான்றிதழை ஏற்பதில்லை. ஐம்பதுகளில் எழுதிய சான்றிதழோடு வரும் ஸ்டாம்பை மறுபரிசோதனைக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு வாங்குவது புத்திசாலித்தனம். அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாத மறுபசையும் மறுதுளையும் இன்றைக்குத் தெரிகின்றன.

அனுப்பும் முன் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து வையுங்கள்; பல்லில் ஏற்கனவே இருந்த குறையா, வழியில் வந்ததா என்ற வாக்குவாதத்துக்கு அது ஒன்றே சாட்சி. சுங்கப் படிவத்தில் 9704 என்ற தலைப்பு ஸ்டாம்புகளுக்கு உரியது. கருத்துப் பெற்றுத் திரும்பி வரவேண்டிய பொருள் என்று எழுதுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது வரி கேட்பார்கள். நூறு வருடம் கடந்த பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. விக்டோரியா ராணி காலத்துச் சரக்கென்றால் தபாலில் போடும் முன் சுங்க அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தில் உங்கள் கணிப்புப்படி இது எந்தக் கேட்டலாக் எண் என்று கேட்டிருப்பார்கள். கட்டணத்தை மிச்சம் பிடிக்க மலிவான எண்ணை எழுதிப் பார்க்காதீர்கள். அரிதான வகை என்று அவர்கள் கண்டுபிடித்தால், மீதிக் கட்டணம் போய்ச்சேர்ந்த பிறகுதான் ஸ்டாம்பு வீடு திரும்பும்.